முதுகை மட்டும் திருடியவன்

இந்தக் காலத்தில் யார் எதை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வருவது என்று ஒரு வரைமுறையே இல்லாமல் போய்விட்டது. மிக்ஸி விற்கிற கடை வாசலில் நிற்பவன் தோளில் தங்கக் கயிறு தொங்குகிறது. கார் நிறுத்தக் கை காட்டுகிறவன் நெஞ்சில் வரிசையாகப் பதக்கம். எந்தப் போரில் வாங்கினாய் என்று கேட்டால், சட்டையோடு சேர்ந்து வந்தது என்கிறான். இன்னொருவன் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகச் சாயம் போட்ட பட்டாளத்துக் கால்சட்டையில் கத்தரிக்காய் வாங்கப் போகிறான். காட்டில் எதிரி கண்ணில் படாமல் இருக்கக் கண்டுபிடித்த சாயம் அது. காய்கறிக் கடையில் இவன் யாரிடமிருந்து ஒளிகிறான்? கத்தரிக்காயிடமிருந்தா?

ஸ்கூட்டரின் பின் இருக்கையில் உட்கார்ந்து துருவியார் இதையெல்லாம் சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தார். வண்டியை ஓட்டியவள் அவருடைய மருமகள்.

"மாமா, நீங்க திட்டினதுல ரெண்டு பேர் திரும்பிப் பாத்துட்டாங்க" என்றாள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "மெதுவாத் திட்டுங்க. இல்லன்னா நான் வேகமா ஓட்டணும்."

"பாக்கட்டும். எனக்கென்ன பயம்?"

"உங்களுக்கு இல்ல. பெட்ரோல் எனக்குத்தானே."

துருவித் துருவிக் கேட்பதால் துருவியார். ஆயுசில் பாதியை இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் நின்றே கழித்தவர். வேலை முடிந்து வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புவதுதான் உத்தியோகம். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். வாசலில் படித்தது ஏராளம். சாப்பாட்டுப் பாத்திரத்தின் அடியில் பித்தளைத் துண்டு, கட்டுப் போட்ட காலுக்குள் செம்புக் கம்பி, அழுகிற ஆளின் கொண்டைக்குள் திருகாணி என்று பார்த்துப் பார்த்து, பெற்ற தாய் வந்து நின்றாலும் கையைத் தூக்கச் சொல்லும் அளவுக்கு முற்றிப்போனார். ஓய்வு பெற்ற பிறகு அக்கம்பக்கத்தில் எது காணாமல் போனாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். யாரையும் நம்பமாட்டார் என்கிற ஒரே தகுதிக்காக.

ஆனால் இன்றைக்குக் காணாமல் போனதற்குத் திருடன் என்று பிடித்து உட்கார வைத்திருப்பது அவருடைய சம்பந்தியை. அதாவது, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் மருமகளின் அப்பாவை.

"எங்கப்பா எடுத்திருக்க மாட்டாரு மாமா" என்றாள் அவள், இந்தத் தடவை கிண்டல் இல்லாமல்.

"எடுத்திருக்க மாட்டாருன்னு எழுதி ஒட்டியிருக்கா நெத்தியில? பாத்துட்டுச் சொல்றேன்."

வீரக்கூடம் என்பது ஒரு பணக்காரக் குடும்பத்தின் சொந்தக் காட்சிசாலை. அந்தக் காலத்துப் போர் உடுப்புகளும் கவசங்களும் நீளமான கூடத்தில் மரப் பொம்மைகள் மேல் நின்றன. பரம்பரையில் ஒருவர் பெரிய தளபதியாக இருந்தாராம். அந்தப் பெருமையை இன்றைய முதலாளி இடுப்பிலிருந்து இறக்குவதே இல்லை. அதனால் ஊர் அவரைச் 'சின்னத் தளபதி' என்று கூப்பிட்டது. கிண்டலுக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

வாசலிலேயே எதிர்கொண்டார் சின்னத் தளபதி. கருநீலக் கோட்டு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், வாள் இல்லாத வாள் பட்டை. முகம் வெயிலில் கறுத்திருந்தது. கை இரண்டும் மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் வெளுத்துப் போய், வேறு யாரிடமோ கடன் வாங்கிய கை மாதிரி இருந்தன. துருவியார் அதைப் பார்த்துக்கொண்டார்.

"நீங்கதான் அந்தத் துப்பறியறவரா? சொந்தக்காரரை வச்சே விசாரிக்கச் சொல்றது முறையில்ல. இருந்தாலும் இவ காலைலேர்ந்து போன்ல அழுதா, சரின்னுட்டேன். சாயங்காலம் புதுக் கூடம் திறக்கிறோம். அதுக்குள்ள பொருள் வந்தாகணும். இல்லன்னா விழாவுக்கு வர்ற போலீஸ் அதிகாரி கையிலேயே ஆளை ஒப்படைச்சிடுவேன்."

"என்ன பொருள்?"

"எங்க பெரிய தளபதியோட கவசம். அதுல முதுகுத் தகடு."

"முதுகு மட்டுமா?"

"முதுகு மட்டும்."

மருமகள் துருவியாரின் காதருகில் குனிந்தாள். "மாமா, சேலைக் கடைக்குள்ள புகுந்து அட்டைப் பெட்டியைத் திருடின கதையா இருக்கே."

சம்பந்தி ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கூடத்தில் இரும்பும் பித்தளையும் பளபளப்பது அவர் கையால். மெருகுப் பசையின் கறுப்பு அவருடைய நகக்கண்களில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. கல்யாணத்தன்று எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்தும் போகவில்லை. துருவியாரைக் கண்டதும் எழுந்து, கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதியில் நிறுத்தினார்.

"அந்தக் கையை அப்படியே தூக்குங்க சம்பந்தி" என்றார் துருவியார்.

"மாமா! எங்கப்பாவையா தடவிப் பாக்கறீங்க?"

"கல்யாணத்தன்னிக்கே பாத்திருப்பேன். உன் அத்தைதான் மானம் போயிடும்னு தடுத்தா."

தடவினார். பையில் மெருகுத் துணி, மூக்குப்பொடி டப்பா, பேத்தியின் படம். வேறொன்றும் இல்லை. சம்பந்தி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். குற்றவாளிகள் பொதுவாகக் கண்ணைப் பார்த்துப் பேசுவார்கள் என்பது வாசலில் கற்ற பாடம். யோக்கியன்தான் கூசுவான். ஆனால் யோக்கியன் மாதிரிக் கூசத் தெரிந்த திருடர்களையும் அவர் பார்த்திருக்கிறார்.

"நீங்க எடுத்தீங்களா?"

பதில் இல்லை.

"எடுக்கலையா?"

சம்பந்தி மெருகுத் துணியை மடித்துப் பையில் வைத்தார்.

"அப்பா, ஏதாவது வாயைத் திறந்து சொல்லுங்கப்பா!" என்றாள் மகள். சம்பந்தி முதலாளியை ஒரு முறை பார்த்தார். மறுபடியும் தரையைப் பார்த்தார்.

சரி என்று துருவியார் கவசத்தின் பக்கம் போனார்.

பெரிய தளபதியின் கவசம் கூடத்தின் நடுவில், புத்தம் புது வட்ட மேடையில் நின்றது. நெஞ்சுத் தகட்டில் தங்க இழையில் ஒரு சிங்கம் வாயைப் பிளந்திருந்தது. பின்னால் போனால் வெறும் மரப் பொம்மை. தோல் வார்களை யாரும் அறுக்கவில்லை. பொறுமையாகக் கழற்றி, நெஞ்சுத் தகடு விழுந்துவிடாமல் முதுகுப் பக்கம் குறுக்கே இழுத்து முடிந்திருந்தார்கள்.

"ரொம்ப மரியாதையான திருடன்" என்றாள் மருமகள். "தங்கத்தை விட்டுட்டு, அது கீழே விழாம கட்டியும் வச்சுட்டுப் போயிருக்கான். தூசி தட்டினானான்னு பாருங்க."

"இந்த மேடை புதுசா?" என்று துருவியார் கேட்டார்.

"புதுசு. இத்தனை காலம் சுவரை ஒட்டித்தான் நின்னுது. இப்ப நாலு பக்கமும் சுத்திப் பாக்கலாம்" என்றார் சின்னத் தளபதி. "ஒரு உலோகப் பேராசிரியை வேற வர்றாங்க. ஒவ்வொரு துண்டையும் எடை போட்டு, தடிமன் அளந்து, பலகையில எழுதப் போறாங்க. அந்த நேரம் பாத்து இந்தக் கேடு! பாருங்க இந்த நெஞ்சை. ஒரு கீறல் உண்டா? எத்தனை போர்! ஒரு எதிரி நெருங்கலை."

துருவியார் கீறலைப் பார்க்கவில்லை. விரல் முட்டியால் சிங்கத்தின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினார். டங் என்று காபித் தட்டு மாதிரிச் சத்தம் வந்தது.

"ஐயோ, தொடாதீங்க!"

அவர் அதற்குள் பக்கத்துக் கவசத்துக்குப் போய்விட்டார். அது யாரோ பெயர் தெரியாத குதிரைவீரனுடையது. அதன் நெஞ்சில் தட்டினார். டொக் என்று கனமாகச் சத்தம் வந்தது. முதுகில் தட்டினார், டங். அடுத்ததிலும் நெஞ்சு டொக், முதுகு டங். வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். வேலைக்காரர் விடுதியில் கதவு கதவாகத் தட்டி எழுப்புகிற மாதிரி இருந்தது.

"மாமா, எல்லாரும் செத்துட்டாங்க. யாரும் திறக்க மாட்டாங்க."

"இரும்புக்கு எடை உண்டு. அதைச் சுமக்கிறது ஆளும் குதிரையும். அதனால அடி விழற பக்கம் இரும்பை அதிகமாப் போடுவான், விழாத பக்கம் குறைப்பான். எல்லாரும் நெஞ்சுல போட்டிருக்கான். உங்க பெரிய தளபதி நெஞ்சுல மட்டும் தகரம். ஏன்?"

சின்னத் தளபதி தொண்டையைக் கனைத்தார். "அது சடங்குக்குப் போடற கவசமா இருக்கலாம்."

"இப்பத்தான் எத்தனை போர்னு சொன்னீங்க?"

"எங்க பரம்பரையைப் பத்திப் பேச நீங்க யாரு?"

"நான் யாருமில்ல. ஆனா பொருள் வெளிய போகலைன்னு மட்டும் தெரியுது. உங்க வாசல் காவலாளி தோள்ல இருக்கற கயித்தைச் சரி பண்ணிக்கிட்டே ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிற ஜாதி. முதுகளவு இரும்பை அவனைத் தாண்டிக் கொண்டு போக முடியாது. இரும்பை ஒளிக்க இரும்புக் கூடத்தை விட நல்ல இடம் எது?"

அவர் நடக்கத் தொடங்கினார். மருமகள் பின்னாலேயே வந்தாள். முதலில் வளையச் சட்டை. ஆயிரக்கணக்கான சின்ன வளையங்களைக் கோத்தது. வாள் வெட்டைத் தாங்கும், குத்தினால் கதை வேறு. அதற்குள் எதையும் ஒளிக்க முடியாது, சல்லடை. அடுத்து, பஞ்சு திணித்துத் தைத்த தடித்த மேலங்கி. அம்பு அதில் சிக்கி நிற்குமாம்.

"இதைப் போட்டுட்டு வெயில்ல சண்டை போட்டா எதிரியே தேவையில்ல" என்றாள் மருமகள்.

துருவியார் அங்கியை அமுக்கிப் பார்த்தார். பஞ்சுதான். தாண்டிப் போனால், நெற்றியில் கொம்பு வைத்த தலைக்கவசங்கள். கொம்பால் யாரையும் முட்டப் போவதில்லை. எதிரில் நிற்பவனுக்கு வயிறு கலங்க வேண்டும், அவ்வளவுதான். சிறகு செருகினால் குள்ளனும் ஒரு முழம் வளர்வான். போர்க்களத்தில் பாதி வேலையைத் தையற்காரனே முடித்துவிடுகிறான் என்று துருவியாருக்குத் தோன்றியது.

கூடத்தின் கடைசியில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிகளுக்குள் துணி உடுப்புகள் இருந்தன. அங்கே ஒரு செக்கச் சிவந்த கோட்டு. வெடிமருந்துப் புகையில் தன் ஆள் எவன், எதிரி எவன் என்று தெரிவதற்காக அந்தச் சிவப்பு. தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடும் துப்பாக்கி வந்ததும் எல்லோரும் அவசர அவசரமாக மண் நிறத்துக்கு மாறிவிட்டார்கள். பக்கத்துப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. துருவியார் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வரை மருமகள் காத்திருக்கவில்லை.

"'இந்த உடுப்பில் ஒரு பொத்தான் கழன்றிருந்தாலும் சிப்பாய்க்குச் சாட்டையடி விழும்.' அடப்பாவமே! நம்ம வீட்டுக்காரரு அந்தப் பட்டாளத்துல இருந்தா முதுகே மிஞ்சியிருக்காது."

துருவியார் பலகையைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் ஒட்டியிருந்த படத்தில் பொம்மையின் பொத்தான்கள் கழுத்து வரை பூட்டியிருந்தன. பெட்டிக்குள் இருந்த பொம்மைக்கு மேலே மூன்று பொத்தான்கள் திறந்து கிடந்தன. துணி பின்பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

"ஏன்டாம்மா, மரப் பொம்மை ராத்திரியோட ராத்திரியா சதை போடுமா?"

"நம்ம வீட்டு விருந்துக்கு வந்திருந்தா போடும்" என்றவள் சட்டென்று வாயை மூடினாள். அவளும் பார்த்துவிட்டாள்.

தொழிற்சாலை வாசலில் இதே நிற்பை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். முதுகுக்குள் தகட்டைச் செருகியவன் அன்றைக்கு மட்டும் கவர்னர் மாதிரி நிமிர்ந்து நடப்பான்.

"பெட்டியைத் திறக்கச் சொல்லு."

சின்னத் தளபதி வந்தார். சாவி எங்கோ இருக்கிறது, தேடவேண்டும் என்றார். துருவியார் அவருடைய கழுத்துச் சங்கிலியைக் காட்டினார். சாவிக்கொத்து பொத்தான் வரிசைக்கு நடுவே பதக்கம் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை, திறந்தார். துருவியார் கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கினார். கோட்டுக்கும் மரத்துக்கும் நடுவே, பளபளவென்று மெருகு போட்ட இரும்பு.

அதை இழுத்து வெளியே எடுக்க அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. தட்டிப் பார்க்கவே வேண்டாம். அடுப்புக் கல்லின் கனம். தோள்பட்டைக்குக் கீழே நாலைந்து இடத்தில் குண்டு பட்டுக் குழிந்திருந்தது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. நல்ல இரும்பு. செய்தவன் தொழில் தெரிந்தவன். போட்டுக்கொண்டவன் தன்னைப் பற்றித் தெரிந்தவன்.

"நெஞ்சுல தகரம், முதுகுல உலக்கைக் கனம்" என்றாள் மருமகள் மெதுவாக. "ஓடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் மாமா அளவே குடுத்திருக்காரு."

"ஓடினாரோ, இல்ல, பின்னாடி வந்த சொந்தப் படையே சுட்டுதோ. ரெண்டுல ஒண்ணு. எதுவானாலும் இந்த ஆளைப் பாத்தா எனக்கு ஒரு மரியாதை வருது. யாரையும் நம்பலை பாரு."

அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து சம்பந்தியின் குரல் வந்தது. "நான்தான் எடுத்தேன். நான்தான் அங்க ஒளிச்சு வச்சேன். போலீஸைக் கூப்பிடுங்க."

மகள் அப்படியே நின்றுவிட்டாள். கிண்டல் முகத்திலிருந்து வழிந்தோடியது. சின்னத் தளபதி, "கேட்டீங்களா? அவன் வாயாலயே சொல்லிட்டான்!" என்று சுற்றி இருந்த பொம்மைகளையெல்லாம் சாட்சிக்கு அழைத்தார்.

துருவியார் சம்பந்தியையே உற்றுப் பார்த்தார். "கேக்கறப்ப ஊமை. பொருள் கிடைச்சதும் வாய். எடுக்கலைன்னு சொல்றவனையே நான் நம்பினதில்ல. எடுத்தேன்னு தானா வந்து சொல்றவனை நம்புவேனா? கையைக் காட்டுங்க."

சம்பந்தி காட்டினார். விரல்நுனி முழுக்கக் கறுப்பு.

"இந்தக் கையை அந்தச் சிவப்புத் துணிகிட்ட விடுவாங்களா?"

"விடமாட்டாங்க" என்று மகள் முந்திக்கொண்டாள். "இரும்பு தொடற கை துணியைத் தொடக் கூடாது, அது இங்க சட்டம். பசை பட்டா போகவே போகாது. துணிப் பெட்டி எல்லாம் முதலாளியே வெள்ளைக் கையுறை போட்டுட்டுத்தான் திறப்பாரு. அப்பா வீட்டுல சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்."

"கோட்டுல ஒரு கறை இல்ல. அப்ப இந்தக் கை பொத்தானைத் தொடலை. ஆனா நெஞ்சுத் தகடு விழாம கட்டின முடிச்சு இவர் போட்டதுதான். சிங்கம் விழுந்துடுமேன்னு கவலைப்பட இந்தக் கூடத்துல வேற யாரு இருக்கா? ஒருத்தர் கழட்டினாரு. இன்னொருத்தர் ஒளிச்சாரு." துருவியார் திரும்பினார். "ஐயா, தளபதி. கையைத் தூக்குங்க."

"என்னது?"

"தூக்குங்க. வாசல்ல எல்லாரும் ஒண்ணுதான்."

அந்தக் குரலுக்கு ஆயிரம் பேர் கை தூக்கியிருக்கிறார்கள். சின்னத் தளபதியின் கையும் தன்னையறியாமல் மேலே போனது. துருவியார் அவருடைய கோட்டின் உள் பையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைக் கையுறைகளை உருவினார். பத்து விரலிலும் புது மெருகின் கறுப்பு அப்பியிருந்தது.

"தகட்டைச் செருகினதும் இதைக் கழட்டிட்டு வெறுங்கையால பொத்தானைத் தொட்டிருக்கீங்க. வருஷக்கணக்கா கையுறைக்குள்ள இருந்து வெளுத்த கை. இன்னிக்கு மட்டும் வெயிலுக்கு வந்திருக்கேன்னு வாசல்லயே பாத்தேன்."

சின்னத் தளபதியின் தோள் தொய்ந்தது. பித்தளைப் பொத்தான்கள் மட்டும் விறைப்பாக நின்றன. பேசினபோது குரல் பாதியாகியிருந்தது. சுவரை ஒட்டி நின்ற வரை முதுகை யாரும் பார்த்ததில்லை. பேராசிரியை அளந்து பலகையில் எழுதினால் பரம்பரையே சிரிப்பாய்ச் சிரித்துவிடும். பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றால் எப்போது வரும் என்று கேட்பார்கள். திருட்டுப் போய்விட்டது என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். திருட்டு என்றால் ஒரு திருடன் வேண்டும்.

"கொஞ்ச நாள் உள்ள இருந்தா போதும், நான் வெளிய எடுத்துடறேன்னு சொன்னேன். அவன் ஒத்துக்கிட்டான்."

"ஒத்துக்கிட்டீங்களாப்பா?" மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"இவங்க உப்பைத் தின்னு வளந்த குடும்பம்மா நாம" என்றார் சம்பந்தி. "அந்தக் கவசத்தைத் துடைச்சுத் துடைச்சே என் கை இப்படி ஆச்சு. அது அவமானப்பட்டா எனக்குத் தாங்காது."

துருவியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடனாவது ஒரு லாபத்துக்குத் திருடுகிறான். "விஷயம் முடிஞ்சுது. அந்த அதிகாரி வரட்டும், நானே சொல்றேன்."

சின்னத் தளபதி நிமிர்ந்தார். தொய்ந்த தோள் மறுபடி எழுந்தது. "சொல்லுங்க. நம்பறது யாரு? அவன் ஒத்துக்கிட்டான். கையுறை என்னோடதுதான், அவன் எடுத்துப் போட்டிருக்கலாம். சாவியும் நான் தூங்கறப்ப எடுத்திருக்கலாம். நீங்க அவனுக்குச் சம்பந்தி. நான் யாருன்னு ஊருக்குத் தெரியும்." கையுறைகளைத் துருவியாரின் விரலிலிருந்து உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். "என்னப்பா, ஏதாவது மாத்திச் சொல்லப் போறியா?"

சம்பந்தி தலையை ஆட்டினார். மாட்டாராம்.

வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. துருவியார் கையில் உண்மை இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. வாசலில் நின்ற காலத்தில் பொருளைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. அதற்கு அப்பால் நடப்பது மேலே உட்கார்ந்திருந்தவர்களின் பாடு.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு தகட்டைப் பார்த்தாள். குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

"முதலாளி" என்றாள். "இதை ஏன் மறைக்கறீங்க? உங்க வீட்டுலயே பெரிய சொத்து இதுதானே."

"என்ன உளர்றே?"

"பெரிய தளபதி யாரைக் காப்பாத்தினாரு? அரசரை. அரசரைக் காப்பாத்தற ஆள் எந்தப் பக்கம் திரும்பி நிப்பாரு? அரசர் பக்கம். கட்டிப் பிடிச்சு மூடிக்கிட்டா குண்டு எங்க விழும்? முதுகுல. அதுக்காகவே நெஞ்சு இரும்பைக் குறைச்சு முதுகுல போட்டாரு. தன் உசிரைக் காக்க இல்ல, கேடயமா நிக்க. உலகத்துல எந்தத் தளபதி இப்படிக் கவசம் செஞ்சுக்கிட்டான்? நீங்களே சொல்லுங்க."

சின்னத் தளபதியின் வாய் மெல்லத் திறந்து, மெல்ல மூடியது. கண்ணில் தண்ணீர் கோத்தது. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொய்யாக இருந்தது. அவர் காதுக்குள் போன நொடியில் பரம்பரை வரலாறாகிவிட்டது.

"எங்க தாத்தா சின்ன வயசுல இதைத்தான் சொன்னாரு" என்றார் அவர். "எனக்கு மறந்தே போச்சு."

"அப்படின்னா திருட்டு?" என்றாள் அவள் விடாமல்.

"எந்தத் திருட்டு? எங்க மெருகுக்காரர்தான் துடைக்கிறப்ப இந்தத் தழும்புகளைக் கண்டுபிடிச்சாரு. விழாவுல காட்டறதுக்காகப் பத்திரமா வச்சிருந்தோம்."

துருவியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருமகள் அவருடைய முழங்கையில் நன்றாகவே கிள்ளினாள்.

விழா தொடங்கியது. முதுகுத் தகடு வட்ட மேடையில் ஏறியது. முன்னால் இருந்த சிங்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். சின்னத் தளபதி மைக்கைப் பிடித்தார். அரசர் அலறினாராம், தளபதி பாய்ந்தாராம், குண்டுகள் மழையாகப் பொழிந்தனவாம். நாலைந்து குழிக்கு எங்கிருந்து வந்தது அத்தனை மழை என்று யாரும் கேட்கவில்லை. அதிகாரி கைதட்டினார். பேராசிரியை அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். மெருகுக்காரரை மேடைக்கு அழைத்து, ஒரு பித்தளைப் பொத்தான் கோட்டை மாட்டிவிட்டார்கள். தோளில் தங்கக் கயிறு வேறு. சம்பந்தி அந்தத் தகட்டைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். கொஞ்ச நேரத்துக்கு முன் தன் மகள் தன் கண்ணெதிரே கட்டிய கதை என்று தெரிந்த மனிதர். அவரே நம்பிவிட்டார்.

துருவியார் எழுந்து வெளியே நடந்தார்.

வாசல் தாண்டும்போது மருமகள் ஓடிவந்து பிடித்தாள். "மாமா, நில்லுங்க! வண்டில போகலாம். கோபமா?"

"அரசரை அணைச்சுக்கிட்டு நின்னா எதிரி பின்னாடி இருக்கான். அப்ப தளபதியோட படை எல்லாம் எங்க போச்சு? ஒருத்தனும் குறுக்க வரலையா? அரசர் அங்க என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"அதெல்லாம் யாரும் கேக்கலையே."

"நான் கேக்கறேன்."

"எங்கப்பா இன்னிக்கு ராத்திரி வீட்டுல சாப்பிடுவாரு மாமா. எனக்கு அது போதும். நீங்க நம்ப வேணாம், ஊர் நம்புது இல்ல?"

"ஊர் நம்பறதுனாலதான் சொல்றேன்."

அவள் ஹெல்மெட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "நீ உங்கப்பாவைக் கூட்டிட்டு வா. அந்தக் கோட்டை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வரச் சொல்லு. அதைப் போட்டுட்டு என் வீட்டுப் படி ஏறக் கூடாது."

"நீங்க?"

"நான் நடந்து போறேன்."

உள்ளே மறுபடியும் கைதட்டல் எழுந்தது. கவசம் போட்ட அந்தப் பழைய மனிதன் ஓடினானா, அணைத்தானா, சொந்த ஆட்கள் கையால் சுடப்பட்டானா? கேட்க ஆள் இல்லை. நாளைக்குப் பலகையில் எழுதிவிடுவார்கள்; அப்புறம் அதுதான் நடந்தது. துருவியார் தெருவின் ஓரமாக, எதிரே வருகிறவர்களின் இடுப்பையும் பையையும் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.